தோத்துக்கிட்டே இருக்குற காலேஜ் ஃபுட்பால் கோச்சுக்காக ரசிகன் பரிதாபப்படணுமா?

செக்காலைக்காரன் (காரைக்குடி)

வணக்கம் மக்களே. இது கால்ல உதைக்கிற ஃபுட்பால் இல்ல, அமெரிக்காக்காரன் ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டிக்குவானே அது, அதுலயும் காலேஜ் லெவல். காரைக்குடில உக்காந்து எவன்டா இதப் பாக்குறான்னு சிரிக்காதீங்க, என் தம்பி அங்க பென் ஸ்டேட் யூனிவர்சிட்டில எம்எஸ் படிச்சான், அவன் புடிச்சு விட்ட பைத்தியம், அவன் படிப்ப முடிச்சு வேலைக்கும் போயிட்டான் எனக்குத்தான் இன்னும் தெளியல. அங்க மதியம் மேட்ச்னா நமக்கு ராத்திரி ஒம்போதரை, அங்க ராத்திரி மேட்ச்னா நமக்கு விடியக்காலை 5 மணி, அப்பத்தா வாசத் தெளிக்கிற நேரத்துல நான் டிவி முன்னாடி கத்திக்கிட்டு இருப்பேன்.

விஷயத்துக்கு வர்றேன். 2025 சீசன் ஆரம்பிக்கிறப்ப பென் ஸ்டேட் நாட்டுலயே 2வது ரேங்க். அதுக்கு முந்தின சீசன்ல செமி ஃபைனல் வரைக்கும் போன டீம், பாதி பசங்க திரும்பி வந்துருக்காங்க, இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்னு எல்லாரும் இருந்தோம். மொத மூணு மேட்ச் ஜெயிச்சாச்சு. செப்டம்பர் 27 ஓரிகன் கூட ரெண்டு ஓவர்டைம் போயி 30-24ல தோத்தாங்க. அன்னிக்கே ஸ்டேடியத்துல "ஃபயர் ஃபிராங்க்ளின், ஃபயர் ஃபிராங்க்ளின்"னு கோஷம், கோச் ஃபிராங்க்ளின வேலைய விட்டுத் தூக்குன்னு, சொந்த ஊரு ஆளுங்களே. அதுக்கப்புறம் யுசிஎல்ஏ, அது அதுவரைக்கும் ஒரு மேட்ச் கூட ஜெயிக்காத டீம், அவங்க கோச்ச ஏற்கனவே தூக்கிட்டு தற்காலிக ஆள வச்சு ஓட்டிக்கிட்டு இருந்தவங்க, அவங்ககிட்ட தோல்வி. அடுத்து நார்த்வெஸ்டர்ன்கிட்ட ஒரே ஒரு பாயிண்ட்ல தோல்வி. மறுநாள் அக்டோபர் 12, ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் வீட்டுக்கு. 104 மேட்ச் ஜெயிச்சுக் குடுத்த மனுஷன்.

அடுத்த சனிக்கிழமை டிவில கேம்டே ப்ரோக்ராம்ல வந்து உக்காந்து பேசுனாரு. எனக்கு என்னமோ மனசு கேக்கல. தம்பிக்கு மெசேஜ் போட்டா, "அண்ணே காண்ட்ராக்ட் முடியுறதுக்குள்ள தூக்குனதால அந்தாளு சும்மா வீட்டுல இருக்குறதுக்கு 49 மில்லியன் டாலர், 430 கோடி ரூவாக்கு மேல, நீங்க யாருக்கு அழுகுறீங்க"ங்குறான். கோஷம் போட்டதுல அவனும் ஒருத்தன், நாலு மணி நேரம் கார் ஓட்டிப் போயி கத்திட்டு வந்துருக்கான், வீடியோ வேற அனுப்புனான்.

சீசன் எல்லாம் முடிஞ்சு போச்சு, ஆனா பொங்கலுக்கு வீடியோ கால்ல பேசுறப்ப திரும்ப இதே சண்டை. அதான் கேக்குறேன். காசு வாங்குறாருங்குறதுக்காக ஒருத்தர் மேல பரிதாபமே படக்கூடாதா? இல்ல நாந்தான் ஓவரா உருகுறேனா?

---

நைட்ஷிப்ட் நாயகன் (தேவகோட்டை)

ப்ரோ உங்க தம்பி சொல்றதுதான் கரெக்ட். நான் அமெரிக்க கம்பெனிக்கு ராத்திரி வேலை பாக்குறவன், டீம் லீட் ஒருத்தரு டெக்ஸஸ் ஏ அண்ட் எம் வெறியரு, திங்கக்கெழமை மீட்டிங்னா மொத பத்து நிமிஷம் ஃபுட்பால் புலம்பல்தான். அதுல கத்துக்கிட்டது இந்த ஏரியா.

அவங்க டீமுக்கு கோச்சா இருந்த ஜிம்போ ஃபிஷர் கதை தெரியுமா உங்களுக்கு. 2017 டிசம்பர்ல 10 வருஷத்துக்கு 75 மில்லியன், ஒரு பைசா குறையாம கேரண்டி. அந்தப் பத்து வருஷத்துல பாதி கூட ஓடல, 2021ல அத இன்னும் கூட்டி 2031 வரைக்கும் நீட்டுனாங்க. 2023 நவம்பர்ல தூக்குனாங்க, அதுவும் எப்ப, மிசிசிப்பி ஸ்டேட்ட 51-10னு அடிச்சு நொறுக்குன மறுநாள். குடுத்த காசு 76 மில்லியனுக்கு மேல. நம்ம கணக்குல 600 கோடி தாண்டுது. இதுல கொடுமை என்னன்னா பொதுவா கோச் வேற வேலைக்குப் போனா அந்தச் சம்பளத்த இதுல கழிப்பாங்க, இவரு காண்ட்ராக்ட்ல அந்த ஷரத்தே கெடையாது. வேலைக்குப் போனாலும் காசு, போகாட்டியும் காசு.

அதுக்கு முன்னாடி சார்லி வைஸ்னு ஒரு மகராசன். நோட்டர்டேம் 2009ல தூக்குச்சு, 2015 வரைக்கும் பணம் குடுத்துச்சு. நடுவுல கேன்சாஸ் வேலைக்கு எடுத்து அவங்களும் 2014ல தூக்குனாங்க. ஆக ஒரே நேரத்துல ரெண்டு யூனிவர்சிட்டி அந்தாளுக்கு கோச்சிங் பண்ணாம இருக்குறதுக்கு சம்பளம் குடுத்துக்கிட்டு இருந்துச்சு. எனக்கு இப்படி ஒரு தோல்வி வந்தா நான் கொப்புடையம்மனுக்கு பால்குடம் எடுப்பேன்.

என்னைய கம்பெனில தூக்குனா ரெண்டு மாச சம்பளம், ஐடி கார்ட வாங்கிக்கிட்டு லேப்டாப்ப புடுங்கிக்கிட்டு கேட்டு வரைக்கும் செக்யூரிட்டி கூட வருவான். பரிதாபத்த நமக்குன்னு கொஞ்சம் மிச்சம் வைங்க ப்ரோ.

---

பி.டி.சார்

நான் அழகப்பா உடற்கல்வி கல்லூரில படிச்சவன், இப்ப ஒரு காலேஜ்ல பி.டி. நம்மூரு கால்பந்து டீம்தான், அமெரிக்கன் ஃபுட்பால் பையன் ஒருத்தன் காட்டித்தான் பாக்க ஆரம்பிச்சேன், ஆனா கோச் வேலைன்னா என்னன்னு எனக்குத் தெரியும் அதனால எழுதுறேன்.

தம்பி நைட்ஷிப்ட், நீங்க பணத்த மட்டும் எண்ணுறீங்க. தோக்குறதுல எவ்வளவு கோச் கையில இருக்கு எவ்வளவு இல்லைன்னு யாராச்சும் பாத்தீங்களா? அதே நார்த்வெஸ்டர்ன் மேட்ச்ல பென் ஸ்டேட்டோட குவாட்டர்பேக் ட்ரூ ஆலருக்கு அடிபட்டு சீசனே முடிஞ்சு போச்சு. அந்த ஆட்டத்துல குவாட்டர்பேக் இல்லைன்னா ஆட்டமே இல்ல, எல்லா பாலும் அவன் கையைத் தொட்டுத்தான் போகும். பத்தொம்போது இருவது வயசுப் பசங்க, ஒருத்தனுக்கு வீட்டுல பிரச்சனை, ஒருத்தனுக்கு முட்டில வலி சொல்லாம மறைக்கிறான், ஒருத்தன் அடுத்த வருஷம் எந்தக் காலேஜ் கூட காசு குடுக்கும்னு போனப் பாத்துக்கிட்டு இருக்கான். 2021ல இருந்து பசங்க தங்க பேர வச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம், 2025ல இருந்து காலேஜே நேரா பணம் குடுக்கலாம்னு ஆயிருச்சு, வருஷத்துக்கு ஒரு காலேஜுக்கு 20 மில்லியனுக்கு மேல உச்சவரம்பு. இதுக்கு நடுவுல பசங்க காலேஜ் விட்டு காலேஜ் தாவுறதுக்கு டிரான்ஸ்பர் போர்ட்டல். வருஷா வருஷம் புது டீம் கட்டுற மாதிரி.

பொறுமைன்னா என்னன்னு ரெண்டு உதாரணம். நிக் சேபன் அலபாமாவுக்கு கோச்சா வந்த மொத வருஷம் 2007ல லூசியானா மன்ரோங்குற சின்ன டீம்கிட்ட சொந்த கிரவுண்ட்லயே தோத்தாரு, அந்த சீசன் 7-6, அதாவது 7 வெற்றி 6 தோல்வி. அதே ஆளு அதே காலேஜுக்கு 6 சாம்பியன்ஷிப் வாங்கிக் குடுத்தாரு. நெப்ராஸ்கா கோச் டாம் ஆஸ்போர்ன் 1973ல ஆரம்பிச்சாரு, பரம எதிரி ஓக்லஹோமாவ மொத அஞ்சு வருஷம் ஜெயிக்கவே முடியல. மொத நேஷனல் டைட்டில் 1994ல, அவரோட 22வது சீசன்ல. இன்னிக்கு இருக்குற ரசிகனா இருந்தா 22 மேட்ச் குடுப்பானா?

எங்க டீம் ஒரு தடவ இன்டர் காலேஜியட்ல மொத ரவுண்ட்லயே வெளிய வந்துச்சு. திரும்பி வர்றப்ப பஸ்ல ஒரு பய பேசல. நான் டிரைவர் பக்கத்துல உக்காந்து திருமயம் கோட்டை வர்றவரைக்கும் ஒரே யோசனை, அந்த லெஃப்ட் பேக்க மாத்தாம விட்டமேன்னு. மறுநாள் எனக்கு 430 கோடி யாரும் குடுக்கல, ஜெயிச்சுருந்தாலும் ஒரு சால்வைதான். ஆனா அந்த பஸ்ல இருந்த கணம் அவருக்கும் எனக்கும் ஒண்ணுதான்னு நெனைக்கிறேன்.

---

லிங்கன் ஆச்சி (சொந்த ஊர் கோட்டையூர், இருப்பு நெப்ராஸ்கா)

பி.டி.சார் ஆஸ்போர்ன் பேரச் சொன்னதும் இங்க உள்ள என்னால சும்மா இருக்க முடியல. பதினஞ்சு வருஷத்துக்கு மேல லிங்கன்ல இருக்கோம். இங்க மேட்ச் நாள்ல எங்க தெருவுல கல்யாண வீடு மாதிரி இருக்கும், எல்லாரும் செவப்பு சட்டை. மெமோரியல் ஸ்டேடியம் 1962ல இருந்து ஒரு மேட்ச் விடாம டிக்கெட் வித்துத் தீருதுன்னு பெருமையாச் சொல்லுவாங்க. எங்க வீட்டுக்காரருக்கு ஃபுட்பாலே தெரியாது, அவரே இப்ப பெனால்ட்டிக்கு சண்டை போடுறாரு.

பரிதாபம்னு கேட்டீங்கள்ல, அதுக்கு எங்க ஊருக் கதையத்தான் கேக்கணும். ஸ்காட் ஃப்ராஸ்ட். இதே லிங்கன்ல பொறந்து வுட் ரிவர்ங்குற சின்ன ஊருல வளந்த பையன். ஆஸ்போர்ன் கடைசியா கப்பு ஜெயிச்ச 1997 டீமுக்கு இவருதான் குவாட்டர்பேக். அப்புறம் ஃபுளோரிடால யுசிஎஃப்ங்குற காலேஜுக்கு கோச்சாப் போயி 2017ல ஒரு மேட்ச் கூட தோக்காம 13-0. அந்த டிசம்பர்ல எங்க ஊரு கூப்புட்டுச்சு. வீட்டுப் பிள்ளை திரும்பி வருதுன்னு இங்க உள்ளவங்க கொண்டாடுன கொண்டாட்டம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

வந்தது என்ன, 16 வெற்றி 31 தோல்வி. அதுல எட்டு பாயிண்டுக்குள்ள முடிஞ்ச மேட்ச் மட்டும் எடுத்தா 5 ஜெயிச்சு 22 தோல்வி. நம்பவே முடியாது, நாணயம் சுண்டிப் போட்டாக் கூட இதுக்கு மேல ஜெயிக்கலாம். 2021ல 3-9, அந்த ஒம்போது தோல்வியும் ஒம்போது பாயிண்டுக்குள்ள. அப்பவே அனுப்பியிருக்கணும். ஆனா நம்ம பையன்ல, பாவம்ல, கிட்டக் கிட்ட வந்துதான தோக்குறான்னு எல்லாருக்கும் ஒரு எரக்கம். சம்பளத்தக் கொறச்சு, இன்னொரு வருஷம்னு வச்சுக்கிட்டாங்க. ஆனா அவரு கூட இருந்த அசிஸ்டெண்ட் கோச்சுங்க நாலு பேர அதே வாரத்துல அனுப்பிட்டாங்க, அத யாரும் பாவம்னு பேசல.

அடுத்த சீசன் மொத மேட்ச் அயர்லாந்துல, 11 பாயிண்ட் முன்னாடி இருக்குறப்ப தேவையே இல்லாம ஒரு ஆன்சைட் கிக் (பால கிட்டத்துலயே உதைச்சு தாங்களே திரும்ப எடுக்கப் பாக்குறது) அடிக்கச் சொல்லி ஆட்டத்தக் கைவிட்டாரு. ரெண்டு வாரம் கழிச்சு சொந்த ஊருல ஜார்ஜியா சதர்ன்கிட்ட 45-42 தோல்வி. அந்த டீம் கோச் யாரு தெரியுமா, கிளே ஹெல்டன், அதுக்கு சரியா ஒரு வருஷம் முன்னாடி யுஎஸ்சிங்குற பெரிய காலேஜ்ல இருந்து இதே மாதிரி தூக்கி எறியப்பட்டவரு. மறுநாள் ஃப்ராஸ்ட் அவுட். இருவது நாள் பொறுத்து அக்டோபர் 1க்கு அப்புறம் அனுப்பியிருந்தா 15 மில்லியன் 7.5 ஆ கொறஞ்சிருக்கும், அதுக்குக் கூட யாருக்கும் பொறுமை இல்ல. எரக்கப்பட்டு வச்சுக்கிட்டதும் எங்க ஊருதான் இருவது நாள் தாங்க முடியாமப் போனதும் எங்க ஊருதான்.

அதனால தம்பி செக்காலை, பரிதாபப்படுங்க, அது நம்ம மனசு. ஆனா பரிதாபப்பட்டு வேலைல வச்சுக்கிறதுதான் ஆபத்து. அந்த ஒரு வருஷத்துல கஷ்டப்பட்டது அவரில்ல. இங்க பள்ளிக்கூடத்துல என் மக கூடப் படிச்ச ஒரு பொண்ணோட அப்பா காலேஜ் கோச்சிங் ஸ்டாஃப்ல சின்ன வேலைல இருந்தாரு, பெரிய கோச் போனா புதுசா வர்றவரு அவரு ஆளுங்களக் கூட்டிட்டு வருவாரு, இவங்க வீட்டக் காலி பண்ணிட்டு வேற மாநிலம் போகணும். அந்தப் பொண்ணுக்கு அது நாலாவது பள்ளிக்கூடம். அவங்களுக்கு 49 மில்லியன் எல்லாம் கெடையாது, மிஞ்சிப் போனா ஒரு வருஷ ரெண்டு வருஷ காண்ட்ராக்ட்டுதான். பரிதாபம்னு ஒண்ணு இருந்தா நான் அங்கதான் கொண்டு போயி வைப்பேன்.

---

ரங்கூன் வீடு (கானாடுகாத்தான்)

இந்த விளையாட்டு எனக்கு அவ்வளவாப் புரியாது, பேரன் படிச்சுக் காட்டுனான், சொல்லச் சொல்ல அவனே டைப் பண்றான். ஆனா நீங்க எல்லாரும் பேசுறது எங்க ஐயா காலத்து விஷயம்.

அப்ப பர்மால கடை வச்சிருந்த முதலாளி ஊருலயே இருப்பாரு. ரங்கூன் மொகல் தெருவுலயோ உள்ள கிராமத்துலயோ லேவாதேவி நடத்துறது ஏஜெண்டு. மூணு வருஷத்துக்கு ஒரு கணக்கு. சம்பளத்தப் பேசி ஒரு பகுதிய ஆளு கப்பலேறுறதுக்கு முன்னாடியே வீட்டுல குடுத்துருவாங்க, லாபம் வந்தா அதுல ஒரு பங்கு. பெட்டியடிப் பையனா போயி அடுத்தாளாகி அப்புறம் ஏஜெண்டா ஆனவங்க, தொழில் தெரிஞ்சவங்க. கணக்கு முடிஞ்சு ஆளு திரும்பி வந்தா பேரேட்ட விரிச்சு வச்சு முதலாளி பாப்பாரு, அடுத்த கணக்குக்கு இவரா வேற ஆளான்னு அப்பதான் முடிவு.

1930க்கு மேல நெல் விலை விழுந்துச்சு. கடன் வாங்குனவன் கட்ட முடியல, ஈட்டுக்கு இருந்த நெலமெல்லாம் கடைக்கு வந்து சேந்துச்சு. கீழ் பர்மா நெல் வயல்ல நம்மாளுங்க கையில நூத்துக்கு ஆறா இருந்தது ஏழெட்டு வருஷத்துல இருவத்தஞ்சாச்சு. நமக்கு நெலம் வேணும்னு யாரு கேட்டா, பணம்தான் வேணும். ஏஜெண்டு என்ன பண்ணுவாரு. உலகத்துல நெல் விலை விழுந்ததுக்கு அவர வையறதா? எங்க ஐயா வையல, இன்னொரு கணக்குக்கும் அவரையே அனுப்புனாரு. ஆனா வேற ஒரு ஏஜெண்டு, விலை நல்லா இருந்த காலத்துலயே ஆளு பாக்காம கடனக் குடுத்து முதல முழுங்குனவரு, அவரு வந்து நிக்கிறப்ப திண்ணைல உக்கார வச்சு சாப்பாடு போட்டு, வேற எடம் பாத்துக்கப்பான்னு சொல்லி அனுப்புனாங்களாம். சாப்பாட்டுல கொற வைக்கல. பெட்டிச் சாவி மட்டும் திரும்பக் குடுக்கல.

நான் பேரன்கிட்ட கேட்டது ஒண்ணுதான். மூணு வருஷக் கணக்குன்னா சரி. பத்து வருஷத்துக்கு, தோத்தாலும் முழுசாத் தர்றேன்னு எழுதிக் குடுத்த முதலாளி யாரு? அவரு இன்னும் வேலைல இருக்காரா?

---

நைட்ஷிப்ட் நாயகன்

ஐயா கும்புடுறேன். அதச் சொல்ல மறந்துட்டேன். ஃபிராங்க்ளினுக்கு அந்த 10 வருஷ காண்ட்ராக்ட் போட்டது 2021 நவம்பர். அப்ப யுஎஸ்சி, எல்எஸ்யூ ரெண்டு பெரிய எடமும் காலி, இவரு பேரு அடிபட்டுக்கிட்டு இருந்துச்சு, போயிருவாரோன்னு பயந்து எழுதிக் குடுத்தாங்க. அந்த சீசன் முடிஞ்சது 7-6ல. இவருக்கும் ஃபிஷருக்கும் சேபனுக்கும் ஒரே ஏஜெண்டு, ஜிம்மி செக்ஸ்டன், இந்த ஏஜெண்டு பேரம் பேசுற ஏஜெண்டு, உங்க மொகல் தெரு ஏஜெண்டு இல்ல. நெசமாப் பாத்தா இந்த விளையாட்டுல தோக்காத ஒரே ஆளு அவருதான்.

---

வெட்டிப்பேச்சு

430 கோடி குடுத்தா நான் கூட தோப்பேன். டிரெய்னிங்கே வேணாம்.

---

அந்தத் தம்பி

நாந்தான் அந்தத் தம்பி. அண்ணன் லிங்க் அனுப்பி "வந்து பதில் சொல்றா"ன்னாரு, வந்துட்டேன்.

மொதல்ல ஒண்ணு. நான் ஃபிராங்க்ளின் பொண்டாட்டி புள்ளையப் பத்திப் பேசல, அந்தாளோட வீட்டு வாசல்ல போயி நிக்கல. ஒரு லட்சம் பேருக்கு மேல உக்காருற ஸ்டேடியத்துல காசு குடுத்து டிக்கெட் வாங்கி என் அபிப்பிராயத்தச் சொன்னேன். டாப் 10 டீம்களோட மோதுனதுல அவரு கணக்கு 4-21 அண்ணே. சின்ன டீம அடிச்சு 104 சேத்தாரு, பெரிய டீம் வந்தா ஒவ்வொரு வருஷமும் அதே மாதிரி தோல்வி. ஓரிகன் மேட்ச் ஒரு மேட்ச் இல்ல, பதினோரு வருஷத்து எரிச்சல். நான் மாணவனா இருந்த ரெண்டு வருஷமும் ஓஹியோ ஸ்டேட்கிட்ட தோத்துட்டு பனியில நடந்து ரூமுக்கு வந்தவன், எனக்குத்தான் தெரியும்.

ரெண்டாவது, கோச் மேல பாசம் வைக்கிறதுல எங்க யூனிவர்சிட்டி எவ்வளவு தூரம் போகும்னு உங்களுக்குத் தெரியாது. ஜோ பட்டர்னோ 409 மேட்ச் ஜெயிச்சவரு, அவருகிட்ட அசிஸ்டெண்ட்டா இருந்த சாண்டஸ்கி சின்னப் பசங்கள நாசம் பண்ணுன விஷயம் வெளிய வந்து, அத அவரு கையாண்ட லட்சணத்துக்காக 2011 நவம்பர்ல போர்டு அவரத் தூக்குச்சு. அன்னிக்கு ராத்திரி ஆயிரக்கணக்கான மாணவங்க தெருவுல எறங்கி டிவி வேனக் கவுத்துப் போட்டாங்க. எதுக்கு, கோச் பாவமாம். பாதிக்கப்பட்ட பசங்களுக்காக அன்னிக்கு எவனும் வேனக் கவுக்கல. நான் போனது அதுக்கெல்லாம் ரொம்ப வருஷம் கழிச்சு, ஆனா அந்தக் கதையக் கேட்டதுல இருந்து கோச்சுன்னா எனக்கு வேலைக்காரர், அவ்வளவுதான். சாமியும் கெடையாது சொந்தக்காரரும் கெடையாது.

---

பி.டி.சார்

தம்பி, அந்த ரெண்டும் வேற வேற. குத்தத்தக் கண்டும் காணாம இருந்ததும் மேட்ச் தோக்குறதும் ஒரே தட்டுல வைக்காதீங்க. ஃபிராங்க்ளின் பண்ணுனது ஃபோர்த் டவுன்ல, அதாவது கடைசி நாலாவது வாய்ப்புல, தப்பான முடிவு. அதுக்கு பட்டர்னோவ இழுக்குறது நியாயமில்ல.

---

அந்தத் தம்பி

சார் நான் ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்லல. ரசிகன் பரிதாபம் எப்பவுமே மேல இருக்குற ஒரே ஆளுக்குத்தான் போகுதுன்னு சொல்றேன். லிங்கன் ஆச்சி சொன்ன அந்தப் பொண்ணுக்கு எங்க அண்ணன் ஒரு நாளாவது அழுதிருப்பாரா? டிவில மூஞ்சி தெரிஞ்சாத்தான் அழுகை வரும் அவருக்கு.

சரி கணக்கையும் முடிச்சுருவோம். நவம்பர்ல வர்ஜீனியா டெக் அவர கோச்சா எடுத்துருச்சு, அதனால 49 மில்லியன்ல 9 மில்லியன் மட்டும் வாங்கிக்கிட்டு மிச்சத்த விட்டுட்டாரு. ஒரு மாசத்துல வேற வேலை. பென் ஸ்டேட்டுக்கு வர்றதா இருந்த புதுப் பசங்க நெறைய பேரு அவரு பின்னாடியே கெளம்பிட்டாங்க. இப்ப யாரு பாவம்? அவரு எடத்துக்கு பென் ஸ்டேட் எடுத்த மேட் கேம்பெல்தான் பாவம்.

---

லிங்கன் ஆச்சி

அதுசரி, கோச்சத் தூக்குனதுக்கு அப்புறம் தற்காலிகமா வந்த டெர்ரி ஸ்மித் கைல டீமக் குடுத்து ரெகுலர் சீசன்ல கடைசி மூணு மேட்ச்ச ஜெயிச்சு 6-6 ஆக்குனீங்களே, அந்த மூணுல ஒண்ணு எங்க நெப்ராஸ்கா. அந்த வாரம் நான் வீட்டுல சமைக்கல. உங்க கோச் பரிதாபத்த விடுங்க, எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாள் ரொட்டி தின்னாரு.

---

செக்காலைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. ஆச்சி, அந்த மேட்ச்ச நான் முழுசாப் பாத்தேன், மன்னிச்சுக்கங்க, விசில் அடிச்சேன்.

தம்பி சொன்னதுல ஒண்ணு உறுத்துது, மூஞ்சி தெரிஞ்சாத்தான் அழுகை வருதுங்குறது. அசிஸ்டெண்ட்டுகள நான் யோசிச்சதே இல்ல, அது வரைக்கும் ஒத்துக்கிறேன். ஆனா டேய், ஒரு விஷயத்துல நான் எறங்கி வர மாட்டேன். கோச் வேலைக்காரர்னா வேலைக்காரர்தான், வேணாம்னா அனுப்பு, லெட்டர் போடு, டிக்கெட் வாங்காத. 3-1ல நிக்கிற டீமோட கோச்ச பேர் சொல்லி சொந்த கிரவுண்ட்ல, அவரு புள்ளைங்க வயசுல உள்ள ஆட்டக்காரப் பசங்க காதுல விழுற மாதிரி ஒரு லட்சம் பேரு கத்துறது, அது அபிப்பிராயம் இல்ல. அந்தப் பசங்க அடுத்த வாரம் யுசிஎல்ஏகிட்ட ஆடுனத நீ பாத்தியா, மொத பாதில ஏதோ தூக்கத்துல நடக்குறவங்க மாதிரி இருந்தாங்க. அந்தக் கோஷத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நீ சத்தியம் பண்ணு பாப்போம்.

கானாடுகாத்தான் ஐயா, நீங்க சொன்ன அந்த ரெண்டாவது ஏஜெண்டு கதை, திண்ணைல சாப்பாடு போட்டு அனுப்புனது, நான் கேட்டது அதத்தான். ஆள அனுப்புறது தப்புன்னு நான் சொல்லவே இல்ல, நாலு வருஷம் முன்னாடியே அனுப்பியிருக்கலாம்னு கூட சொல்லுவேன்.

---

அந்தத் தம்பி

சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன். ஆனா நீங்க யுசிஎல்ஏ மேட்ச்ல என்ன பண்ணுனீங்கன்னு அப்பத்தா எனக்குச் சொல்லிருச்சு, அத இங்க எழுதட்டுமா?

---

நைட்ஷிப்ட் நாயகன்

எழுதுங்க ப்ரோ, எழுதுங்க. இன்னிக்கு ஷிப்ட்ல வேலை கம்மிதான்.

---

செக்காலைக்காரன்

ரிமோட்டு பழைய ரிமோட்டுதான், எப்படியும் மாத்த வேண்டியது. த்ரெட்ட இத்தோட விடுங்கப்பா.